மண்டபம் வேண்டாம் தம்பி, திடலே போதும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டக் கோவில் ஒன்றின் நிர்வாகத்தில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தமிழ்நாட்டிலிருந்து பன்னிரண்டு பேர் கொண்ட தெருக்கூத்துக் குழு ஒன்று வந்து, இங்கே நாலைந்து ஊர்களில் மகாபாரதக் கூத்து ஆடப் போகிறது. ஆடித் திருவிழாவில் ஒரு சனிக்கிழமை இரவு அவர்கள் கோவிலுக்குக் கிடைத்திருக்கிறது. நிர்வாகத்தில் பாதிப் பேர் டவுனில் மண்டபம் எடுக்கலாம் என்கிறார்கள், மீதிப் பேர் கோவில் திடலே போதும் என்கிறார்கள். எது சரி? எந்தக் கதையைக் கேட்பது? மூன்று மணி நேரத்தில் முடியுமா? மழை வந்தால் என்ன செய்வது? என்னென்ன பெர்மிட் வேண்டும்?

திடலில் வையுங்கள் தம்பி. பேராக்கில் முப்பது வருஷமாகக் கூத்துக்குப் பின்பாட்டுப் பாடியும், பாட வேறு ஆள் கிடைத்தால் மைக் கட்டியும் திரிந்தவன் நான். மண்டபத்தில் நன்றாக அமைந்த கூத்து என்று ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. திடலில் கெட்டுப்போனவையும் உண்டு. அதையும் சொல்கிறேன்.

ஒரு தடவை மழைக்குப் பயந்து கடைசி நேரத்தில் ஒரு டவுன் மண்டபத்துக்கு மாற்றினார்கள். மேலே தகரக் கூரை. துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் எடுத்த நேரம் பார்த்து மழை பிடித்தது. நாலடி தள்ளி நின்ற எனக்கே அவர் குரல் கேட்கவில்லை. வாயசைவைப் பார்த்துப் பாடினேன். மேடை ஆளுயரத்துக்கு மேலே, சனம் கீழே நாற்காலியில், நடுவில் விருந்தினருக்குப் போட்ட சோபா வரிசை. கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் கீழே குனிந்து யாரையாவது வம்புக்கு இழுக்கலாம் என்றால், எட்டிய தூரத்தில் இருந்தவர்கள் எல்லாம் மாலை போட்டவர்கள். பதினொன்றரைக்கு வாட்ச்மேன் வந்து, வாடகை நேரம் முடியப் போகிறது என்று விளக்கை இரண்டு தடவை அணைத்துப் போட்டார். அன்றைக்கு அபிமன்யு சாகவே இல்லை.

கூத்து வெட்டவெளிக்கென்றே கட்டப்பட்ட ஆட்டம். முதலில் களரி கட்டுவார்கள். மத்தளமும் தாளமும் முகவீணையும் மட்டும்தான், வேஷம் எதுவும் வராது. முகவீணை நாதஸ்வரத்துக்குக் குட்டித் தம்பி மாதிரி சின்னக் குழல். கீச்சென்று மேலே போகும் அந்தச் சத்தம் அரை மைல் தாண்டி, சாப்பிட்டுக்கொண்டிருப்பவன் காதிலும் விழும். கூத்து தொடங்கிவிட்டது என்று ஊருக்குச் சொல்லும் மணி அது. அப்புறம் இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொண்டு நிற்க, வேஷக்காரர் அதன் பின்னாலிருந்து பாடுவார். கிரீடத்தின் முனை தெரியும், கால் சலங்கை தெரியும், முகம் தெரியாது. முழுசாக வெளியே வருவதற்குள் சின்னப் பிள்ளைகள் எழுந்து நின்றுவிடுவார்கள்.

அவர் பாடும் அடியைப் பின்பாட்டுக்காரர்கள் திருப்பிப் பாடுவார்கள். பாடி முடித்ததை வசனமாக மறுபடி சொல்வார். அதைக் கட்டியக்காரன் கேள்வியாகக் கேட்டு இன்னொரு தடவை வாங்குவான். மண்டபத்தில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு இது இழுவையாகத் தெரியும். கச்சான் வாங்க எழுந்து போய்விட்டுத் திரும்பி வருகிறவருக்கும், பிள்ளையைத் தூங்க வைத்துக்கொண்டே பார்க்கிற அம்மாவுக்கும், காற்று மாறி ஒரு வரி காதில் விழாமல் போனவருக்கும் அது தேவை. இரவெல்லாம் ஆடும் ஆட்டத்தில் யாரும் எட்டு மணி நேரம் கண்ணிமைக்காமல் உட்கார மாட்டார்கள் என்று தெரிந்துதான் செய்திருக்கிறார்கள்.

இந்த ஆட்டம் உங்கள் ஊருக்குப் புதிதும் இல்லை. கங்காணிகள் ஆள் கட்டிக்கொண்டு வந்த ஜில்லாக்களில் வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு எல்லாம் உண்டு. கூத்தின் தாய்மண்ணும் அதுதான். இன்றைக்கும் பேர் சொல்லும் கூத்துக் கிராமமான புரிசை திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. 1938இல் இந்திய அரசு மலாயாவுக்கு உதவிப் பணத்தில் கூலியாட்கள் அனுப்புவதைத் தடை செய்யும் வரை, கப்பலேறி வந்தவர்களோடு பாட்டும் அடவும் வந்துகொண்டிருந்தன. அப்புறம் கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களுக்கு எதிரான அவசரகாலம். 1948 ஜூன் 16ஆம் தேதி உங்கள் சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்டத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டதும் அது தொடங்கியது, 1960 வரை நீடித்தது. ஊரடங்கு போட்ட தோட்டங்களில் விடிய விடியக் கூத்து எப்படி ஆடுவது? அதற்குப் பிறகு தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற துண்டாடல், ரப்பர் போய்ச் செம்பனை, தொழிலாளர் லயங்கள் காலி. இன்றைக்கு உங்கள் திடலுக்கு வரப் போகிறவர்களில் பெரும்பாலானோர் ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் குலதெய்வத்துக்காகக் காரில் வருகிறவர்களாகத்தான் இருப்பார்கள். அவர்கள் தாத்தா பால்வாளி தூக்கிய மண்ணில் உட்கார்ந்து பார்ப்பதும், டவுன் மண்டபத்தில் உட்கார்ந்து பார்ப்பதும் ஒன்றாகாது. இதை நிர்வாகக் கூட்டத்தில் சொல்லிப் பாருங்கள். அழகுக்குச் சொல்வதைவிட வாடகை மிச்சம் என்று சொன்னால் சீக்கிரம் எடுபடும், அது வேறு விஷயம்.

எந்தக் கதை என்பதில் அவசரப்படாதீர்கள். குழுக்காரர்கள் கர்ண மோட்சம் ஆடட்டுமா என்றுதான் முதலில் கேட்பார்கள். நன்றாக ஆடினால் அதற்கு ஈடு கிடையாது. போருக்குப் போகும் முன் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருவான். பிறப்புத் தெரியாதவன் என்று அவள் அவனை ஒதுக்கி வைத்திருப்பாள். அந்தத் தர்க்கம் நடக்கும்போது தோட்டத்துச் சனத்தின் முகத்தைப் பாருங்கள். வேஷக்காரரைப் பார்க்கவே தோன்றாது. ஆனால் ஒன்று. தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் சாவு வீட்டில், கருமாதியின்போது ஆடுவதும் இதே கர்ண மோட்சம்தான். அதனால் திருவிழாவில் வேண்டாம் என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் இருக்கலாம். முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். திரௌபதி துகில் கேட்டால் இன்னும் கவனம் தேவை. துச்சாதனன் வேஷக்காரர் சேலையில் கை வைக்கும் முன் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவார், சனத்திலும் அருள் வந்து ஆடுபவர்கள் உண்டு. காப்புக் கட்டிய திருவிழாவில் அது பொருந்தும், வெறும் கலை நிகழ்ச்சியாக வைத்தால் பொருந்தாது.

முதல் தடவை வைக்கிற ஊருக்கு நான் சொல்வது அபிமன்யு சண்டை. கதை எல்லாருக்கும் தெரியும், சண்டை அடவு நிறைய, பிள்ளைகள் தூங்காது. அப்பா பெரியப்பா சித்தப்பா எல்லாரும் இருந்தும் தனியாக உள்ளே போய் மாட்டிக்கொண்ட பையன் கதை வேறு. பெண்கள் அழுதுவிடுவார்கள், நானும்தான்.

ஒரே ஒரு கதையைக் கேளுங்கள். “எல்லாத்திலயும் கொஞ்சம் கொஞ்சம்” என்று கேட்கும் நிர்வாகங்கள் உண்டு. துகிலில் பத்து நிமிஷம், அர்ச்சுனன் தபசில் பத்து நிமிஷம், கடைசியில் பள்ளிப் பிள்ளைகளின் நடனம். கட்டைவேஷம் கட்ட இரண்டு மணி நேரம் பிடிக்கும் தம்பி. முகத்துக்கு அரிதாரம், தோளுக்கும் மார்புக்கும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லும் வண்ணத் தாளும் ஒட்டிய கட்டைகள், தலையில் கிரீடம், இடுப்பில் அடுக்கடுக்காகப் பாவாடை. அவ்வளவையும் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறவரிடம் பத்து நிமிஷம் மட்டும் ஆடு என்பது நியாயம் இல்லை.

மூன்று மணி நேரத்தில் முடியுமா என்றால், முடியும். தமிழ்நாட்டில் இரவு பத்துக்குத் தொடங்கி விடியும்வரை போகிற ஆட்டத்தை நறுக்கும்போது எதை விடுவது என்பதில்தான் சாமர்த்தியம். வேஷங்களைக் குறைக்கச் சொல்லுங்கள். வரும் ஒவ்வொரு வேஷத்துக்கும் திரை, விருத்தம், தரு என்கிற ஆட்டப் பாட்டு என்று அரை மணி நேரம் போகும். ஆறு வேஷம் நாலாகட்டும். கட்டியக்காரனைக் குறைக்கச் சொல்லாதீர்கள். ஊர்ப் பேர், கோவில் பேர், சாலையில் உள்ள குழி, பெட்ரோல் விலை, யார் வீட்டுக் கல்யாணத்தில் சாப்பாடு பற்றவில்லை என்பது வரைக்கும் கதைக்குள் கொண்டுவருகிறவன் அவன்தான். வந்திறங்கிய அன்று மத்தியானமே அவரைக் கூட்டிக்கொண்டுபோய் ஒரு கோப்பிக்கடையில் உட்கார வையுங்கள். ஒரு மணி நேரத்தில் ஊரே அவர் வாய்க்குள் வந்துவிடும். உள்ளூர்ப் பேச்சில் முதலாளிக்கு ‘தவுக்கே’, இரவுச் சந்தைக்கு ‘பாசார் மாலாம்’ என்று நாலு வார்த்தை கற்றுக்கொண்டு அன்றிரவு அவர் அடிக்கும் கூத்தைத்தான் ஊர் அடுத்த வருஷம் வரை பேசும்.

பேச்சாளர்கள் விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். ஒய்பி என்கிற மக்கள் பிரதிநிதி வருவார், டத்தோ பட்டக்காரர் வருவார், வரட்டும், நமக்கும் உதவி வேண்டும். மாலை, பொன்னாடை, உரை எல்லாவற்றையும் களரிக்கு முன்னால் முடித்துவிடுங்கள். ஒரு ஊரில் திரௌபதி கை கூப்பிக் “கண்ணா” என்று அழும் இடத்தில் தலைவர் மைக்கோடு ஏறி, அப்போதுதான் வந்து சேர்ந்த பிரமுகருக்குப் பொன்னாடை போர்த்தினார். சேலைக்காக அழுகிறவள் பக்கத்தில் நிற்க, சேலை மாதிரி ஒன்றை இன்னொருவருக்குப் போர்த்துகிறார்கள். சனம் சிரித்துவிட்டது. அப்புறம் அந்தக் கூத்து எழுந்திருக்கவே இல்லை.

நேரத்தை வகுக்கும்போது பக்கத்துச் சூராவை, அதாவது முஸ்லிம்களின் சின்னத் தொழுகைக் கூடத்தை, மறக்காதீர்கள். ஆடியில் நம் பக்கம் மக்ரிப் தொழுகை ஏறக்குறைய ஏழரைக்கு, இஷா எட்டே முக்கால் வாக்கில். பூஜையை ஏழுக்கு முன் முடித்து, நடுவில் அன்னதானம் போட்டு, இஷா பாங்கு ஓய்ந்ததும் களரியைத் தொடங்கினால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு, கச்சிதம்.

மலாய்க்கார அண்டை வீட்டாரையும் கூப்பிடுங்கள். நம் கதை அவர்களுக்குப் புரியாது என்று நினைக்க வேண்டாம். பஞ்சபாண்டவர் கதை பழைய மலாய் இலக்கியத்தில் ‘ஹிக்காயாட் பாண்டாவா லிமா’ என்றே இருக்கிறது, கிளந்தான் நிழற்கூத்து ஆடுவது ராமன் கதையைத்தான். மலாய்க்காரர்களின் பங்சாவான் நாடகமே, இந்தியாவிலிருந்து பினாங்குக்கு வந்த பார்சி நாடகக் கம்பெனிகளைப் பார்த்து 1880களில் பிறந்ததுதான். ஊர் ஊராகப் போய் ஆடும் கம்பெனி என்பது இந்த நாட்டுக்குப் பழகிய சங்கதி. சீனர்களுக்குப் பேய் மாத ஓப்பரா இருக்கிறது. அதில் முன்வரிசை நாற்காலிகளை ஆவிகளுக்கென்று காலியாக விட்டுவிடுவார்கள். நம் ஊரிலும் முன்வரிசை காலியாகத்தான் இருக்கும், காரணம் வேறு. ஒய்பி இன்னும் வரவில்லை.

சரி, இடம். மேடை கட்டாதீர்கள். 15 அடிக்கு 15 அடி சமதரை போதும். சனம் மூன்று பக்கமும் உட்காரட்டும், முன்னால் பாய், பின்னால் நாற்காலி. வாத்தியக்காரர்களுக்குப் பின்பக்கம் ஒரு பெஞ்சு, ராஜா உட்கார இன்னொரு பெஞ்சு. சிமெண்டுத் தரையானால் வெறுங்காலில் கிறுகிறுவென்று சுற்றி ஆடுகிறவருக்கு முட்டி போய்விடும். புல் தரை பனியில் வழுக்கும். புல்லைச் சுரண்டிவிட்டு மண்ணைத் தட்டிக் கெட்டிப்படுத்தி, லேசாக ஆற்று மணல் தூவினால் நல்லது. அந்த வேலையை இரண்டு நாள் முன்னாலேயே செய்துவிடுங்கள்.

விளக்கு முன்பக்கம் இரண்டு ஓரத்திலிருந்தும் வரட்டும், தலைக்கு மேலே வேண்டாம். இது செம்பனைக் காடு. வெளிச்சத்தைக் கண்டால் காண்டாமிருக வண்டு வரும், கட்டைவிரல் அளவுக்கு. விளக்கு தலைக்கு மேலே இருந்தால் எல்லாம் வேஷக்காரர் மேல்தான் விழும். ஒரு இரவு துரோணருடைய கிரீடத்தில் ஒன்று வந்து உட்கார்ந்து, கண்ணாடிச் சில்லைப் பார்த்து மயங்கியோ என்னவோ, நகரவே இல்லை. துரோணர் சக்கரவியூகம் வகுக்கிறார், வண்டு கொம்பை ஆட்டுகிறது. கட்டியக்காரன் சும்மா இருப்பானா? “சாமி, உங்க படையில புதுசா ஒருத்தன் சேர்ந்திருக்கான், சம்பளம் பேசிட்டீங்களா?” என்றான். துரோணர் தன் தலையைத் தொடாமல், “அவன் கூலிக்கு வந்தவனல்ல, இந்தக் காட்டுக்கே சொந்தக்காரன்” என்று தாளம் தப்பாமல் பாட்டாகவே பதில் சொன்னார். தோட்டத்து ஆட்கள் கைதட்டியது அடங்க ரொம்ப நேரமாயிற்று. பாடத்தில் இல்லாத வரி அது.

மைக்தான் திடல் கூத்தின் உண்மையான எதிரி. ஸ்டாண்டில் ஒரே மைக்கை நட்டுவைத்தால் வேஷக்காரர் அதன் முன்னால் ஆணி அடித்தது போல நின்றுவிடுவார், ஆட்டம் செத்துவிடும். சட்டையில் குத்தும் சின்ன மைக் வியர்வையில் அரை மணி நேரத்தில் ஊமையாகும். ஒரு கயிறு கட்டி, தலைக்கு எட்டாத உயரத்தில் மூன்று மைக் தொங்கவிடச் சொல்லுங்கள், பின்பாட்டுக்குத் தனியாக ஒன்று. மத்தளத்துக்கு மைக்கே வேண்டாம். சவுண்டு சிஸ்டம்காரர் வேண்டும் என்பார், எதிரொலியும் போடுவார். எதிரொலிப் பித்தானைத் தொடக் கூடாது என்று பணம் கொடுக்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். ஜெனரேட்டரைக் கோவிலுக்குப் பின்னால் தள்ளி வையுங்கள்.

மழைக்கு வருவோம். ஆடி நமக்குச் சாதகம். மேற்குக் கரையில் சாயங்கால இடிமழை கொட்டுவது பருவம் மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும்தான். நடுவில் வரும் தென்மேற்குப் பருவத்தில் மழை ஒப்பளவில் குறைவு. ஆனால் அந்த மாதங்களில் ‘சுமத்ராஸ்’ என்று சொல்லும் காற்றுமழை சுமத்திரா பக்கமிருந்து விடியலுக்கு முன் சுழற்றிக்கொண்டு வரும். பன்னிரண்டுக்கு முடித்தால் அதிலிருந்து பெரும்பாலும் தப்பலாம். விடியவிடிய ஆட ஆசைப்பட்டால் பதினெட்டாம் போரில் துரியோதனன் தொடை உடையும் நேரத்துக்கு அதுவும் சரியாக வந்து சேரும். வாத்தியக்காரர்கள் தலைக்கு மேல் மட்டும் ஒரு கூடாரம் போடுங்கள். ஈரக்காற்றுப் பட்டாலே மத்தளத் தோல் தளர்ந்து சுருதி இறங்கிவிடும், நனைந்தால் அன்றைய கூத்து அவ்வளவுதான். தூறல் வந்தால் சனம் தானாகக் கோவில் தாழ்வாரத்துக்குப் போகும், நின்றால் தானாகத் திரும்பி வரும். விட்ட இடத்தைக் கட்டியக்காரன் சேர்த்துவிடுவான்.

பெர்மிட்டில் மட்டும் விளையாட்டு வேண்டாம். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் 30 நாளுக்கு விசா இல்லாமல் வரலாம் என்பதால், சுற்றுலாவாக வரவழைத்து ஆடவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அந்த அனுமதியில் மேடையேறக் கூடாது. வெளிநாட்டுக் கலைஞர்களுக்கு, அவர்கள் நிகழ்ச்சிகளை அனுமதிக்கும் அரசு அமைப்பான ‘புஸ்பால்’ ஒப்புதல் வாங்கி, அதைக் காட்டிக் குடிநுழைவுத் துறையில் தொழில்முறை வருகை அனுமதி எடுக்க வேண்டும். அழைத்து வரும் ஏற்பாட்டாளர் அதை வைத்திருக்கிறாரா, அதில் உங்கள் ஊரும் தேதியும் இருக்கிறதா என்று தாளை வாங்கிக் கண்ணால் பாருங்கள். உங்கள் பங்குக்கு கோலகங்சார் நகராண்மைக் கழகத்திலும் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். கோவில் நிலம் இன்னும் தோட்டக் கம்பெனி பேரில் இருந்தால் மானேஜர் கடிதமும் தேவைப்படும். இதற்கெல்லாம் இரண்டு மாதம் ஒதுக்குங்கள். கடைசி வாரத்தில் ஓடினால் ஒய்பியைப் பிடிக்க வேண்டிவரும், அப்புறம் அவர் உரையைக் குறைக்கச் சொல்ல முடியாது.

ஆட்களைக் கவனிப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஆடும் முன் அவர்கள் அதிகம் சாப்பிட மாட்டார்கள். ஆடி முடித்து இரவு ஒரு மணிக்குச் சூடாகச் சோறும் ரசமும் வேண்டும், அன்னதானத்தில் மிஞ்சி ஆறிப்போனது வேண்டாம். வேஷம் கட்டக் காற்றாடியோடு ஒரு அறை, ஆளுயரக் கண்ணாடி ஒன்று, கழுவ இரண்டு வாளி வெந்நீர். அரிதாரம் சோப்புக்குப் போகாது. ஒரு பெரிய போத்தல் தேங்காய் எண்ணெயும் பழைய வேட்டித் துணியும் சனிக்கிழமை காலையிலேயே வாங்கி அந்த அறையில் வைத்துவிடுங்கள். இரவு ஒரு மணிக்கு எந்தக் கடையும் திறந்திருக்காது.